கெட்டுப் போயிடுமா சார்?

குமுளி ஏலத்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து கல்லூரியில் முதலாண்டு சேரும் நம் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியின் அரிச்சுவடியைக் கற்றுத் தருகிறேன். கைப்பேசியில் கைதேர்ந்தவர்கள்தாம்; ஆனால் கணினியின் முன் அமர்ந்ததும் தயங்குகிறார்கள். "தொட்டா கெட்டுப் போயிடுமா சார்?" என்பதே முதல் கேள்வி.

எனவே முதல் பாடம் தமிழ்த் தட்டச்சு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கமும் உள்ளன. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் திரையில் 'அம்மா' வந்துவிடும். புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும். அத்துடன் பாதி பயம் போய்விடுகிறது.

அடுத்தது சேமித்தல். தட்டச்சு செய்தது முதலில் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் போனால் அதுவும் போகும். கண்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வட்டில் பதிவாகும்.

பிறகு கோப்புறை. ஏலக்காயைத் தரம் பிரித்துத் தனித்தனிச் சாக்கில் கட்டிப் பெயர் எழுதுகிறோமே, அதுதான் இது என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, சான்றிதழ்ப் படங்களைக் கைப்பேசியில் எங்கோ வைத்துவிட்டு, உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் தேடி அழுதாள்; பணம் கிடைக்கவில்லை. இந்த ஆண்டு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்து, தானே விண்ணப்பித்தாள்.

பெற்றோர்களே, பிள்ளை கணினியைத் தொட்டால் "கெடுத்துடாதே" என்று அதட்டாதீர்கள். தட்டினால் கெடாது, தட்டாவிட்டால்தான் வராது.