கத்திரி விட்டுவைத்த கிளை

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிப் பழம் பறித்து ஓய்ந்ததும் கவாத்து தொடங்கும். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். மாறிப்போனது கத்திரி பிடிக்கும் கை.

காப்பி, போன மழைக்கு விட்ட கிளையில்தான் பூக்கும். காய்த்த கணு மறுபடி காய்ப்பது அபூர்வம். இந்த மாசியில் வெட்டினால் மழைக்குத் தளிர்த்து, மறு வருடம் பூத்து, அந்த மார்கழியில்தான் பழுக்கும். இந்தக் கணக்கை மனதில் போட்டுக்கொண்டு பழைய ஆட்கள் செடியைச் சுற்றி வருவார்கள். தண்டை ஒட்டிய அரை அடிக்குள் உள்ள சிம்புகளைக் களைந்து, நீர்ப்போத்தை ஒடித்து, நடுவில் வெளிச்சம் இறங்க வழிவிடுவார்கள். மழைக்குப் பின் வெறும் கையாலேயே இன்னொரு சுற்று.

அதைச் செய்யாவிட்டால் செடி தாங்காத அளவுக்குக் காய்க்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். இலை போதாமல் கிளை நுனியிலிருந்து கருகி வரும். பழம் சிவந்தாலும் உள்ளே கொட்டை சவலையாக இருக்கும். தண்ணீரில் கொட்டினால் மிதக்கும். அடுத்த வருடம் காய்ப்பு வெகுவாகக் குறையும்.

ஆனால் அவ்வளவு பாடுபட்டு விளைந்த கொட்டை அன்று எங்கே போனது? காப்பி வாரியத்தின் பொதுக் கிடங்குக்கு. தரம் பிரித்துப் பணம் தந்தார்கள், அதுவும் தவணை தவணையாக. எந்தத் தோட்டத்துக் காப்பி என்பது மூட்டையோடு கரைந்துவிடும். 1990களின் நடுவில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. இப்போது வாங்க வருகிறவர் மலை உயரம் கேட்கிறார், ரகம் கேட்கிறார், சிவந்த பழம் மட்டும் பறித்தீர்களா என்று கேட்கிறார். யார் கவாத்து செய்தது என்று மட்டும் கேட்பதில்லை. என் பார்வையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். அந்தப் பழைய ஆட்களின் பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். செடிக்கு இவ்வளவு என்று பேசி வருகிற ஆட்கள் வெளிவட்டத்தைக் கிராப் வெட்டுவதுபோல் வெட்டிவிட்டுப் போகிறார்கள்.

நிழலும் மாறியிருக்கிறது. நிழல் தந்த மலைவாழையை முடிக்கொத்து நோய் சிதைத்தது. அத்தியும் பலாவும் நின்ற இடங்களில் மிளகுக்கொடி ஏற்ற வாகாகச் சில்வர் ஓக் வந்தது. மிளகு காசு தருகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் சில்வர் ஓக்கின் மெல்லிய நிழலில் வெயில் தண்டைத் தொடுகிறது. வெயில் பட்ட தண்டைத்தான் தண்டு துளைப்பான் தேடி வந்து முட்டையிடும். நிழல் குறைந்தால் பழமும் அவசரமாகப் பழுக்கும், கொட்டை கெட்டிப்படாது. தை மாதத்தில் மழை கொட்டினால் இன்னொரு தொல்லை: பழம் பறிக்கும் முன்பே பக்கத்துக் கிளையில் பூ. அப்போது கத்திரி வைப்பதா, வேண்டாமா?

கிழடு தட்டிய 795 ரகக் காப்பிச் செடிகளை முழங்கால் உயரத்தில் தறித்துவிட்டால் புதுப் போத்து வரும். நல்லதாக ஒன்றிரண்டை நிறுத்தி வளர்க்கலாம். இரண்டு வருடம் காப்பு இருக்காது. சிறு விவசாயி ஒரேயடியாகத் தறிக்கப் பயந்து, வரிசைக்கு ஒன்றிரண்டாகத் தறித்துக்கொண்டே போகிறார்.