இயற்பியல் வகுப்பில் ஒரு களைக்கொத்து

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், லெட்டூஸ் கீரை வயல்களில் புழங்கிய களைக்கொத்து ஒன்று உண்டு. அதன் பிடி இரண்டு அடிக்கு மேல் போகாது. மெக்சிகோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் அதை ‘எல் கொர்த்தீத்தோ’ என்றார்கள். அதைக் கையில் எடுத்தவர் பொழுது சாயும்வரை குனிந்த இடுப்பு நிமிராமல் நகர வேண்டும். நீளப் பிடி போட்டால் பயிருக்குச் சேதம் என்றார்கள் பண்ணை முதலாளிகள். தொழிலாளர்கள் சொன்ன காரணம் வேறு: எவன் நிமிர்ந்து நிற்கிறான் என்பது மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இந்தக் களைக்கொத்தைப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் பாடமாக வைப்பது? வரலாறு என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் குனியும்போது மேலுடம்பின் எடை இடுப்பைவிட்டு எவ்வளவு முன்னால் தள்ளிப் போகிறதோ, அவ்வளவுக்கு முதுகுத் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். அது நெம்புகோல் கணக்கு, இயற்பியல். அந்த அழுத்தத்தில் முதுகெலும்பு வட்டுகள் என்னாகும் என்பது உயிரியல். இந்தக் களைக்கொத்துக்குத் தடை கேட்டு நடந்த விசாரணையில் மருத்துவர்கள் இதைத்தான் சாட்சியமாகச் சொன்னார்கள்.

அதற்கடுத்து மொழிப்பாடமும் குடிமையியலும் வருகின்றன. ‘பாதுகாப்பற்ற கைக்கருவி’ கூடாது என்று மாநில விதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. உடைந்ததும் பழுதானதும்தான் அதில் அடங்கும் என்று தொழில் பாதுகாப்புத் துறை கையை விரித்தது. பழுதில்லாத கருவியும் பயன்படுத்தும் விதத்தால் ஆளை முடமாக்கலாம் என்று 1975இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே கொர்த்தீத்தோவுக்குத் தடை வந்தது. அந்த விதியின் சில சொற்களை எப்படி வாசிப்பது என்ற வழக்கில்தான் அத்தனை பேரின் முதுகும் மாட்டிக்கொண்டிருந்தது.

மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்களின் போராட்டங்கள் பாடப்புத்தகத்துக்குள் நுழையும்போது பெரும்பாலும் ஒரு தலைவரின் படமாகவும் ஒரு தேதியாகவும் சுருங்கிவிடுகின்றன. சமூக அறிவியலில் ஒரு பக்கம், செசார் சாவேஸ், 1965, டெலானோ திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம். அந்தப் பக்கத்தில் முதலில் காணாமல் போகிறவர் லாரி இட்லியாங். செப்டம்பர் 8 அன்று வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது அவர் தலைமையில் இருந்த பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள். சாவேஸும் டோலோரெஸ் வெர்தாவும் நடத்திய சங்கம் எட்டு நாள் கழித்துத்தான் சேர்ந்துகொண்டது.

அவர்கள் வென்றது எப்படி என்பது பொருளியல் வகுப்பில்தான் விளங்கும். 1935இன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் விவசாயக் கூலிகளை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. சங்கம் அமைத்தால் அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் 1947இல் மற்ற சங்கங்களின் கையைக் கட்டிய திருத்தமும் அதே காரணத்தால் இவர்களைத் தொடவில்லை. முதலாளியோடு சண்டை என்றால் அவன் சரக்கை விற்கும் கடையையே புறக்கணிக்கச் சொல்லி மறியல் செய்ய ஆலைச் சங்கத்துக்கு வழியில்லை. தோட்டக் கூலிக்கு வழி இருந்தது. ஒதுக்கிவைத்த சட்டமே ஆயுதத்தையும் கொடுத்துவிட்டுப் போனது! நாடு முழுக்கக் கடைகளில் திராட்சை தேங்கியது. 1970 ஜூலையில் டெலானோ முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

இலக்கிய வகுப்புக்கு லூயிஸ் வால்டெஸ் இருக்கிறார். வேலைநிறுத்தத்தின்போதே அவர் தொடங்கிய ‘டியாட்ரோ கம்பெசினோ’ குழு, லாரியின் பின்தட்டையே மேடையாக்கிக் குறுநாடகங்கள் போட்டது. நடித்தவர்களில் தொழிலாளர்களும் உண்டு. கருங்காலி யார், முதலாளி யார் என்று கழுத்தில் தொங்கிய அட்டையே சொல்லிவிடும்.

கணக்கு வகுப்பில்தான் கோளாறு. 1966இல் டெலானோவிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு 300 மைல் நடந்தார்கள், 25 நாள் ஆயிற்று, ஒரு நாளைக்குச் சராசரி எத்தனை மைல் என்று கேட்பது போராட்டத்தைக் கற்பிப்பதாகாது. நடந்தவர்களை எடுத்துவிட்டு நத்தைகளைப் போட்டாலும் விடை மாறாதே! போராட்டத்தை எடுத்தால் கணக்கும் கூடவே போய்விட வேண்டும். அப்படி ஒன்று உண்டு. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து மெக்சிகோ வழிவந்த மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வெளிநடப்புச் செய்தார்கள். தங்கள் வரலாறு பாடத்தில் வேண்டும், தங்கள் சமூகத்து ஆசிரியர்கள் வேண்டும், ஸ்பானிஷ் பேசியதற்கு அடிக்கக் கூடாது என்பவை கோரிக்கைகளில் சில. பள்ளிகளுக்கு அரசு நிதி அன்றாட வருகைப்பதிவை வைத்தே வந்தது. எத்தனை பெஞ்சு காலி, அதனால் பள்ளி நிர்வாகத்துக்கு எவ்வளவு நட்டம்? இந்தக் கணக்கு வகுப்பறையில் போட வேண்டியது. போராட்டத்துக்குத் துணைநின்ற லிங்கன் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ உட்பட 13 பேர்மீது சதி வழக்குப் பாய்ந்தது. வேலையிழந்த காஸ்ட்ரோவை மீட்க, கல்வி வாரிய அரங்கிலேயே மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் வகுப்புக்குத் திரும்பினார்.

பல பாடங்களில் பரப்பிக் கற்பிக்க உண்மையிலேயே முயன்ற இடம் அரிசோனாவின் டூசான். 1998இல் தொடங்கிய மெக்சிகன் அமெரிக்கக் கல்வித் திட்டம் வரலாறு, அரசியல், இலக்கியம், ஓவியம் என்று விரிந்தது. 2010இல் மாநில அரசு அதைக் குறிவைத்தே சட்டம் போட்டது. 2012 ஜனவரியில் திட்டம் மூடப்பட்டது, வகுப்பறைப் புத்தகங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டன. இனப்பகைதான் இதற்குத் தூண்டுதல் என்று 2017இல் தீர்ப்பளித்தவர் நீதிபதி வாலஸ் டஷிமா. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக, அதே அரிசோனாவின் போஸ்டன் முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன் அவர்.

கலிபோர்னியா 2021இல் வேறு வழியில் போனது. மெக்சிகோ வழியினர் உட்பட ஒதுக்கப்பட்ட இனங்களின் வரலாற்றை ஒரு பருவமாவது தனிப்பாடமாகப் படித்தால்தான் பள்ளி இறுதிச் சான்றிதழ் என்று சட்டம் இயற்றியது, நிதி ஒதுக்கினால்தான் அமலாகும் என்ற நிபந்தனையோடு. தனிப்பாடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வரலாற்றை முறையாகப் பயின்ற ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இல்லாவிட்டால், எல்லாப் பாடத்திலும் பரப்புகிறோம் என்ற பேச்சு எந்தப் பாடத்திலும் இல்லாமல் கரைந்துபோகும். ஆனால் தனிப்பாடம் வந்துவிட்டது என்பதையே சாக்காக வைத்து இயற்பியல் வாத்தியார் கையைக் கழுவிக்கொள்ளவும் முடியும். டூசான் திட்டம்கூட ஓவிய வகுப்புவரை போயிற்று. அறிவியல் கூடத்துக்குள் நுழையவில்லை.