மேட்டில் இறங்காத சைக்கிள்

எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு ஏறும் சரிவு நூறடிகூட இருக்காது. வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய காலத்தில் அந்த நூறடியை நான் ஒருநாளும் மிதித்து ஏறியதில்லை. எழுந்து நின்று, உடம்பின் எடை முழுவதையும் ஒரு மிதியில் போடுவேன். மறுபக்க மிதி மேலே வருவதற்குள் வண்டி நின்று சாய்ந்துவிடும். கேரியரில் அரிசி மூட்டை இருந்தால் பெரியவர்களும் அந்த இடத்தில் இறங்கித் தள்ளித்தான் போவார்கள். காலில் வலு போதவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். மலை சைக்கிளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகே, அந்தத் தோல்விக்குக் காரணம் பல்சக்கரத்தில் இருந்தது என்று புரிந்தது.

கணக்கு எளிது. நான் பழகிய அந்த வாடகைக் கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 அல்லது 48 பற்கள், பின்னால் 18 பற்கள். மிதியை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் போகும். சமதளத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் நூறு மீட்டர் போவதற்குள் பத்து மீட்டர் உயர்கிற பாதையில், அதாவது 10 சதவீத ஏற்றத்தில், மிதியின் ஒவ்வொரு சுற்றும் ஆளையும் வண்டியையும் அரை மீட்டருக்கு மேல் தூக்கியாக வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், இடது கால், வலது கால் என ஒவ்வொரு மிதியிலும் சராசரியாக 65 கிலோ எடை அழுத்த வேண்டும். ஓட்டுபவரின் முழு எடையும் அவ்வளவுதான் இருக்கும். நின்று மிதித்தும் வண்டி ஏன் நின்றுபோனது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இன்றைய மலை சைக்கிளில் முன்னால் ஒரே பல்சக்கரம், பெரும்பாலும் 32 பற்கள். பின்னால் சின்னதிலிருந்து பெரியது வரை பன்னிரண்டு சக்கரங்கள் அடுக்கியிருக்கும். சின்னதில் 10 பற்கள், பெரியதில் 50 அல்லது 51. செயினை அந்தப் பெரிய சக்கரத்துக்கு ஏற்றிவிட்டால், மிதி ஒரு சுற்றுக்கு வண்டி 1.4 மீட்டர்தான் நகரும். அதே 10 சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் பதினாறு, பதினேழு கிலோ அழுத்தம் போதும். பள்ளிப் பையன் உட்கார்ந்தபடியே தரக்கூடிய அழுத்தம் அது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். நடந்து போகிற வேகம்தான். ஆனால் மலையின் உச்சி வரைக்கும் அந்த வேகம் நீடிக்கும்.

வியப்பு என்னவென்றால், இந்த வண்டியின் முன்னோர்கள் ஏற்றத்தை மனத்தில் வைத்துப் பிறந்தவர்கள் அல்லர். சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில் டமால்பைஸ் என்றொரு மலை. 1970களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் 1930, 40களில் செய்யப்பட்ட தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலையின் மண்பாதைகளில் இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே ஒரு செங்குத்தான பாதையில் முதல் இறக்கப் பந்தயத்தை வைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். பின்சக்கரத்து அச்சுக்குள் இருக்கும் பழைய வகை பிரேக் கீழே வந்து சேர்வதற்குள் கொதித்து, கிரீஸ் புகையாகப் போய்விடும். பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர். அந்த வண்டிகள் இருபது கிலோவுக்கு மேல் இருந்தன, கியர் கிடையாது. ஆகவே மேலே போகும்போது பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், இல்லாவிட்டால் தள்ளிக்கொண்டே நடப்பார்கள். எங்கள் ஏரிக்கரை நிலைமைதான் அங்கும்.

மாற்றத்துக்கான விதை அதற்கு முன்பே விழுந்திருந்தது. 1974 டிசம்பரில் அதே பகுதியில் நடந்த ஒரு சைக்கிள் பந்தயத்துக்குக் குபர்டினோ என்ற ஊரிலிருந்து ஒரு குழுவினர் வந்தார்கள். அவர்களுடைய தடித்த டயர் வண்டிகளில் பல கியர்கள் இருந்தன. ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமல் கட்டைவிரலால் தள்ளி மாற்றும் நெம்புகோலும் இருந்தது. பார்த்தவர்கள் மறக்கவில்லை. மரின் இளைஞர்களில் ஒருவரான கேரி ஃபிஷர் தன் பழைய ஷ்வினில் கியர் பூட்டினார். அவர்களில் இன்னொருவரான ஜோ பிரீஸ் 1977-இல் இந்த வேலைக்கென்றே புதிதாகச் சட்டம் வடித்துச் சைக்கிள் செய்தார். அவர் செய்த முதல் வண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு, ‘மவுன்டன் பைக்ஸ்’ என்ற பெயரில் கடை தொடங்கினார்கள்.

ரீபேக் பந்தயத்தை மலை சைக்கிளின் பிறந்தநாளாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சரிவில் உருள்வதற்கு உறுதியான எந்த வண்டியும் போதும். பிக்கப் வண்டியின் துணையில்லாமல், ஓட்டுபவரின் காலையே நம்பி மேலேறக் கற்றுக்கொண்ட அன்றுதான் அது மலைக்குரிய வண்டியானது.

கியர் இருந்துவிட்டால் ஏறிவிடலாமா என்றால், தார்ச்சாலையில் ஏறலாம். மண்ணில் வேறு இரண்டு சிக்கல்கள் காத்திருக்கின்றன. ஏற்றத்தில் ஓட்டுபவரின் எடை பின்சக்கரத்தை நோக்கிச் சாய்வதால் முன்சக்கரம் லேசாகிவிடும். சரிவு கூடக்கூட அது தரையை விட்டே எழும்பும். ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. இதற்குப் பயந்து முன்னால் குனிந்து எழுந்து நின்றால், அடுத்த சிக்கல். பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து, டயர் சரளைக் கல்லைப் பிடிக்காமல் வெறுமனே சுழலும். ஒரு சுழற்சி போதும். வண்டி நின்றுவிடும், கால் தரைக்கு வந்துவிடும். தேர்ந்தவர்கள் சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சை ஹேண்டில்பார் பக்கம் தாழ்த்தி ஏறுவதைப் பார்க்கலாம். இரண்டு சக்கரங்களுக்கும் எடையைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலை அது. பாதை செங்குத்தாகும்போதெல்லாம் ஓர் அங்குலம் முன்னே நகர்வார்கள், தணியும்போது பின்னே வருவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.

டயரில் காற்று குறைவாக இருப்பதும் வேண்டுமென்றே செய்வது. பெரும்பாலும் டியூப் இருக்காது. டயருக்குள் ரப்பர் பால் போன்ற ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் அது ஓடிப்போய்த் துளையை அடைத்துக்கொள்ளும். டியூப் கல்லில் நசுங்கிப் பஞ்சராகும் பயம் இல்லாததால் காற்றைத் துணிந்து குறைக்கலாம். தளர்ந்த டயர் கல்லின் மேல் குதிக்காமல் அதைத் தழுவிக்கொண்டு உருளும். தரையோடு ஒட்டும் பரப்பும் கூடும். மிதியின் அழுத்தமும் சீராக இருக்க வேண்டும். வெட்டி வெட்டி மிதித்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் டயர் வழுக்கும். பழகாத ஓட்டுநருக்கு வலு இருந்தும் ஏற முடியாமல் போவது இங்கேதான்.

இப்படிப்பட்ட வண்டிகளை ஊர்க்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மலையடிவாரத்தில் நிறுத்தி, உச்சியை நோக்கி ஓட்டச் சொல்வதே ஏற்றப் பந்தயம். சைக்கிள் பந்தயங்களில் ஊரார் கூடி நடத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை என்று நினைக்கிறேன். சமதளத்தில் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் போகிறவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. அதனால்தான் அங்கே ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து போகும் தந்திரமும், அணியாகச் சேர்ந்து வியூகம் அமைப்பதும். மணிக்கு ஆறு கிலோமீட்டரில் காற்று ஒரு பொருட்டே அல்ல. யார் பின்னாலும் ஒளிந்து பயனில்லை. எதிரே புவியீர்ப்பு மட்டும்தான். 80 கிலோவை 300 மீட்டர் உயரத்துக்கு அரை மணி நேரத்தில் ஏற்ற ஏறக்குறைய 130 வாட் திறன் வேண்டும். வீட்டில் இரண்டு மின்விசிறிகளைச் சுற்ற வைக்கிற அளவு. மண்ணின் உராய்வுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். விழுந்தாலும் நடக்கிற வேகத்தில் விழுவதால் காயம் சிறிது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் அறுபது வயதுக்காரரையும் ஒரே பாதையில் நம்பி அனுப்ப முடிவது இதனால்தான். வயது வாரியாகச் சில நிமிட இடைவெளியில் புறப்பட வைப்பார்கள். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் பாதி மலை வரை.

சிறுவர் விஷயத்தில் ஒன்றைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 13 கிலோ சைக்கிளோடு ஏறும்போது, தன் எடையைப் போல 1.17 மடங்கைத் தூக்குகிறார். 40 கிலோ பிள்ளை 12 கிலோ சைக்கிளோடு ஏறினால் அது 1.3 மடங்கு. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் பிள்ளைக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல் உழைப்பு. பெரியவர்களின் வண்டியில் ஒரு கிலோ குறைக்கப் பணத்தைக் கொட்டுகிற வீடுகளில், பிள்ளைக்கு மட்டும் ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரிய, கனமான வண்டியை வாங்கிக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. லேசான சட்டமும், தன் காலுக்கேற்ற குட்டையான மிதிக்கட்டையும், சின்ன கியரும் பிள்ளைக்குத்தான் முதலில் வேண்டும்.

டமால்பைஸ் மலை இருக்கிற வடக்குக் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான மலை சைக்கிள் கூட்டமைப்பு ஒன்று 2001-இல் தொடங்கியது. அதிலிருந்து 2009-இல் அமெரிக்கா முழுவதற்குமான அமைப்பு உருவானது. அங்கே யாரையும் மாற்று ஆட்டக்காரராக ஓரத்தில் உட்கார வைப்பதில்லை. வந்த பிள்ளைகள் எல்லாரும் ஓட்டலாம். அணியில் பதினொரு பேருக்கு மேல் இடமில்லாத விளையாட்டுகளில் ஒதுக்கப்பட்டு நின்ற பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய கதவு!

பெரியவர்கள் இந்த விளையாட்டில் எளிதில் ஓய்வதுமில்லை. முதலாவது உலக மலை சைக்கிள் வாகையர் போட்டி 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்தபோது வென்ற நெட் ஓவரெண்டுக்கு 35 வயது. 2015-இல் கொழுத்த டயர் சைக்கிள்களுக்கான அமெரிக்கத் தேசியப் போட்டியை அவர் வென்றபோது வயது 59. திடீர் வேகம் வயதோடு சீக்கிரம் குறைகிறது. ஒரே சீராக நெடுநேரம் மூச்சுவாங்கி உழைக்கிற ஆற்றல் மெதுவாகத்தான் குறைகிறது. ஏற்றம் கேட்பது இந்த இரண்டாவதை. அதனால் அனுபவசாலிகள் முதல் கால் மணி நேரத்தில் பின்தங்கியே வருவார்கள். துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்த இளைஞர்களின் தொடை பாதி மலையில் எரியத் தொடங்கும். ஏற்றத்தில் மிதிக்காமல் உருண்டு இளைப்பாற ஓரடிகூடக் கிடைக்காது. அப்போது பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயரில் வாஷிங்டன் மலை ஏற்றப் பந்தயம் 1973 முதல் நடக்கிறது. பந்தயம் நடப்பது 1861-இல் திறக்கப்பட்ட மலைச்சாலையில். 12.2 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 12 சதவீதம், ஏறும் உயரம் 1,400 மீட்டருக்கும் மேல். உச்சிக்கு முந்தைய கடைசி வளைவில் 22 சதவீதம். சாலைப் பந்தய சைக்கிளோடு வருகிறவர்கள்கூட, மலை சைக்கிளின் பெரிய பல்சக்கரத்தை வாங்கிப் பின்னால் மாட்டிக்கொண்டே வருகிறார்கள். 1934-இல் மணிக்கு 372 கிலோமீட்டர் காற்று பதிவான மலை. வானிலை கெட்டால் பந்தயம் தள்ளிப்போகும், நின்றும்போகும். 2000-இல் பிரான்சின் வீராங்கனை ஜானி லோங்கோ 58 நிமிடம் 14 நொடியில் ஏறினார். ஐந்து நொடிக்கு இரண்டு மீட்டர் உயரம் என்று ஒரு மணி நேரம் விடாமல். அப்போது அவருக்கு 41 வயது. அவரைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து ஏறுகிறவர்களுக்கும் அந்தக் கடைசி வளைவில் மணி அடித்துக் கூச்சலிட ஆட்கள் நிற்கிறார்கள்.

அந்தச் சாலையில் சைக்கிளில் இறங்க அனுமதி இல்லை. சரிவு அவ்வளவு ஆபத்தானது. ஆகவே ஓட்டுகிற ஒவ்வொருவரும் தம்மைக் கீழே கொண்டுவர ஒரு காரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பந்தயம் முடிந்ததும் ஏறி வந்த சைக்கிள்கள் எல்லாம் கார்களின் மேலும் பின்னும் கட்டப்பட்டு, வரிசையாக மலையை விட்டு இறங்குகின்றன.