நாழியைப் பிழிந்து பாருங்கள்!

கரோல் பாக்கில் புது முறுக்கு நாழி வாங்கி வந்தால், என் அம்மா அதன் பளபளப்பில் மயங்க மாட்டாள். மாவைப் போட்டுப் பிழிந்து பார்ப்பாள். அதை மறந்து நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 5, 12, 18, 28 என நான்கு முக்கிய விகிதங்கள். தில்லியில் ஒரு கடைக்காக, பைத்தான் மொழியில் ரசீது புரோகிராம் எழுதினேன். நாழி செய்யும் பட்டறை போல, விகிதத்துக்கு ஒன்றாக நான்கு வரி ஃபங்ஷன்களைச் செய்து தரும் ஒரு ஃபங்ஷன் அதில் இருந்தது. 'நான்கும் வந்தனவா?' என்று மட்டும் சோதித்தேன். வந்தன.

மறுநாள் கடைக்காரர் போனில் கொதித்தார். 100 ரூபாய்ச் சரக்கு எதுவானாலும் பில் 128!

காரணம் இதுதான். பைத்தானில் லூப்புக்குள் பிறக்கும் ஃபங்ஷன், விகிதத்தின் எண்ணை அல்ல, பெயரையே நினைவில் வைக்கும். அழைக்கும்போது அந்தப் பெயரில் மிஞ்சியிருந்தது கடைசி எண்ணான 28.

இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றேதானா என்று எப்போதும் தவறாமல் தீர்ப்புச் சொல்லும் புரோகிராம் எழுதவே முடியாது. ஹென்றி ரைஸ் 1953-இல் வெளியிட்ட தேற்றத்தின் விளைவு அது. ஆகவே, பிறந்த ஃபங்ஷனை அழைத்துத்தான் பார்க்க வேண்டும். அதுவும், நான்கையும் செய்து முடித்த பிறகு! ஒவ்வொன்றையும் செய்த கையோடு சோதித்தால் என் பிழை பிடிபடாது. 100 கொடுத்தால் 105, 112, 118, 128 வரவேண்டும்.

கணிப்பொறி பயிலும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்: நாழி கைக்கு வந்தால் போதாது, முறுக்கு வரவேண்டும்.