அட்வான்ஸ் பணம் லாபம் இல்லை: வீடு கட்டித் தரும் தொழிலில் இறங்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க



போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஒரு கிளையன்ட் போன் பண்ணார். சிவில் இன்ஜினியர், வயசு 31. மாசம் 55,000 ரூபாய் சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுட்டு, தனி வீடு கட்டித் தர்றதும் பழைய வீட்டைப் புதுப்பித்துத் தர்றதும் என்று சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "சார், இந்த வாரக் கூலி கொடுக்க பேங்க்ல பணம் இருக்கு. ஆனா அது யாரோட பணம்னுதான் தெரியல."

ஆடிட்டராக நான் கேட்டதிலேயே ரொம்ப நேர்மையான கேள்வி அது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

"நான் ஐடி வேலையில இருக்கேன், எனக்கு எதுக்கு இது?" என்று நினைக்காதீங்க. உங்க கூடப் படிச்ச சிவில் நண்பர் ஒருநாள், "மச்சான், நீ அஞ்சு லட்சம் போடு, நான் சைட்டைப் பாத்துக்கறேன், லாபத்துல பாதி" என்று கேட்பார். இல்லாட்டி நீங்களே ஒருநாள் லோன் போட்டு ஒரு பில்டரிடம் வீடு கட்டக் கொடுப்பீங்க. இரண்டுக்கும் இந்தக் கணக்கு தெரிஞ்சிருக்கணும்.

ஒரு வீடு, ஒரு கணக்கு

புரிவதற்காக ஒரு உதாரணம். 1,200 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,400 ரூபாய், மெட்டீரியலோடு. மொத்தம் 28,80,000 ரூபாய். எட்டு மாசத்தில் சாவி கொடுக்கணும்.

- சிமெண்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட், ஜல்லி, டைல்ஸ், வயரிங், பிளம்பிங், கதவு, ஜன்னல், பெயின்ட்: 16,80,000
- கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுறவங்க, சென்ட்ரிங், டைல்ஸ், எலக்ட்ரிக்கல், பெயின்ட் கூலி: 7,60,000
- சைட் சூப்பர்வைசர், மிக்சர் வாடகை, பெட்ரோல், டிராயிங், மத்த செலவு: 1,40,000

மிச்சம் 3,00,000 ரூபாய். எட்டு மாசத்துக்கு வகுத்தால் மாசம் 37,500. 55,000 சம்பளத்தை விட்டுட்டு வந்தவருக்கு, எல்லாம் சரியாக நடந்தாலே ஒரு வீட்டில் கிடைப்பது இவ்வளவுதான். அதனால்தான் எல்லாரும் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று வீடு எடுக்கிறாங்க.

சரி, எல்லாம் சரியாக நடக்கலைன்னா? கம்பி விலை ஏறியதில் 60,000. பாத்ரூம் டைல்ஸைப் பிடுங்கி மறுபடி போட்டதில் 40,000. "அந்த லாஃப்டையும் சேத்துப் போட்டுடுங்க தம்பி" என்று வீட்டுக்காரர் வாயால் சொல்லி, கடைசியில் கொடுக்காத எக்ஸ்ட்ரா வேலை 50,000. மழையால் இரண்டு மாசம் தாமதம். இப்போ மிச்சம் 1,50,000. பத்து மாசத்துக்கு வகுத்தால் மாசம் 15,000.

இதில் எதுவுமே பெரிய விபத்து இல்லை. எல்லா சைட்டிலும் சாதாரணமாக நடப்பதுதான். ஆனாலும் லாபம் பாதியாகிவிட்டது.

ஜிஎஸ்டியை மறந்தால் என்ன ஆகும்?

நம்ம இன்ஜினியர் முதல் வீட்டுக்குக் கொடுத்த கொட்டேஷனில் "ஜிஎஸ்டி தனி" என்ற வார்த்தையே இல்லை. சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் வருஷ டர்னோவர் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மெட்டீரியலோடு ஒரே ஒரு வீடு எடுத்தாலே தாண்டிடும். தனி வீட்டை மெட்டீரியலோடு கட்டித் தருவதற்கு வரி 18%.

அந்த 28,80,000-க்குள்ளேயே ஜிஎஸ்டியும் அடக்கம் என்று ஆகிவிட்டால், அதில் சுமார் 4,39,000 வரி. சிமெண்ட், கம்பி, டைல்ஸ் வாங்கிய பில்லில் கட்டிய வரி 2,00,000 என்று வச்சுக்கோங்க. அதை உள்ளீட்டு வரியாகக் கழித்தாலும் கையிலிருந்து 2,39,000 போகும். 3,00,000 லாபம் 61,000 ஆகிவிடும். எட்டு மாச உழைப்புக்கு! அதுவும் எல்லாப் பொருளையும் பில்லோடு வாங்கியிருந்தால்தான். "பில் இல்லாம கொஞ்சம் கம்மியா தரேன்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பியிருந்தால் அந்தக் கழிவும் கிடையாது.

கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்:

ஒன்று, வீட்டுக்காரரே மெட்டீரியல் வாங்கிக் கொடுத்து, நீங்க கூலிக்கு மட்டும் ஒரு தனி வீட்டைப் புதுசாகக் கட்டித் தந்தால், அந்த லேபர் கான்ட்ராக்ட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் சாதாரண வேலை அந்த விலக்கில் வராது.

இரண்டு, முந்தைய வருஷ டர்னோவர் 50 லட்சத்துக்குள் இருந்தால் 6% கட்டும் எளிய திட்டம் ஒன்று இருக்கு. அதில் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது, வீட்டுக்காரரிடம் வரி என்று தனியாக வாங்கவும் முடியாது. எது லாபம் என்பதை முதல் கொட்டேஷன் போடும் முன்னாடியே முடிவு பண்ணணும்.

மறுபடி அந்த சனிக்கிழமைக்கு வருவோம்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவரை ஆபீசுக்கு வரச் சொன்னேன். மூன்று சைட், ஒரே பேங்க் அக்கவுண்ட். அதில் 9,20,000 ரூபாய் இருந்தது. வீட்டில் கேட்டால் "பிசினஸ் நல்லாப் போகுது" என்றுதான் சொல்லிக்கிட்டு இருந்தார். அந்த நம்பிக்கையில் ஒரு காரும் வாங்கியாச்சு.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினோம்.

- மூன்று வீட்டுக்காரங்களிடமும் பணம் வாங்கி, இன்னும் செய்யாத வேலை: 7,60,000
- ஹார்டுவேர் கடை, கம்பிக் கடை பாக்கி: 3,10,000
- மேஸ்திரிகளுக்குக் கூலி பாக்கி: 90,000

மொத்தம் 11,60,000. பேங்கில் இருப்பது 9,20,000. அதாவது நல்லா ஓடுவதாக நினைத்த தொழில் 2,40,000 ரூபாய் பள்ளத்தில் இருந்தது.

கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "நாலாவது வீடு ஒண்ணு பேசி முடிச்சிருக்கேன் சார். அடுத்த வாரம் பூமி பூஜை. அட்வான்ஸ் வந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

இந்த இடத்தில்தான் சின்ன பில்டர்கள் மாட்டிக்கிறாங்க. முதல் வீட்டு நஷ்டத்தை இரண்டாவது வீட்டு அட்வான்ஸால் அடைப்பது, இரண்டாவதை மூன்றாவதால். யாரையும் ஏமாற்றணும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் புது வீடு வருவது நின்ற அன்றைக்கு, கடைசியாகப் பணம் கொடுத்தவர் வீடு லிண்டல் மட்டத்திலேயே நிற்கும். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் உங்களை மாதிரி ஒரு சம்பளக்காரர்தான். ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் ஹோம் லோன் வட்டி.

எங்க சித்தப்பா கட்டட மேஸ்திரி. ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தவர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மஞ்சப்பை வச்சிருப்பார். அந்த வீட்டுப் பணமும் பில்லும் அந்தப் பையில்தான். "இந்தப் பையிலருந்து அந்தப் பைக்குப் பணம் போச்சுன்னா, நான் கடன்காரன்" என்பார். அட்வான்ஸ் என்பது லாபம் இல்லை, செய்ய வேண்டிய வேலைக்கான கடன் என்று நாங்க சிஏ படிக்கும்போது கற்றுக்கொண்டதும் அதேதான்.

நாங்க என்ன செஞ்சோம்?

1. நாலாவது வீட்டுப் பேச்சைத் தள்ளி வைத்தோம். அட்வான்ஸ் வாங்கவில்லை. வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லி ஆறு மாசம் கேட்டார். அவர் வேறு ஆளிடம் போய்விட்டார். அது வலிக்கத்தான் செய்தது.

2. காரை விற்றார். அதில் வந்த பணத்தில் கார் லோனை முடித்து, மீதியைக் கம்பிக் கடைக்குக் கொடுத்தார்.

3. ஒவ்வொரு சைட்டுக்கும் தனி பேங்க் அக்கவுண்ட். தனக்கு மாசச் சம்பளம் என்று 30,000 மட்டும். அதுவும் முடிந்த வேலைக்கான பணத்திலிருந்து.

4. சின்னச் சின்னப் புதுப்பிக்கும் வேலைகளை எடுத்தார். பாத்ரூம், கிச்சன், மொட்டை மாடி நீர்க்கசிவு. சில வாரங்களில் முடிந்து பணம் கைக்கு வரும்.

ஆனால் பழைய வீட்டில் ஒரு ஆபத்து இருக்கு. சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே துருப்பிடித்த பைப்பும், எர்த்தே இல்லாத வயரிங்கும் தெரியும். அதனால் மொத்தமாக ஒரு தொகை பேசாமல், "தெரிந்த வேலைக்கு இவ்வளவு, உடைத்த பிறகு தெரிவதற்கு இன்ன ரேட்" என்று எழுதியே வாங்க ஆரம்பித்தார்.

5. புது வீட்டுக்குப் பணம் வாங்கும் கட்டங்களை மாற்றினோம். அட்வான்ஸ் 10%, பேஸ்மென்ட் 20%, லிண்டல் 15%, ரூஃப் 20%, பூச்சு 15%, டைல்ஸ் 12%, பெயின்ட் 5%, சாவி கொடுக்கும்போது 3%. பணம் வேலையை விட ரொம்ப முன்னாடியும் ஓடக்கூடாது, ரொம்பப் பின்னாடியும் நிற்கக்கூடாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. வீட்டுக்காரர் லோன் வாங்கினால், பேங்க் வேலை முடிந்த அளவைப் பார்த்துத்தான் பணம் விடும். முழுச் செலவுக்கும் கடன் கிடைக்காது. லோன் 30 லட்சம் வரை இருந்தால் அதிகபட்சம் 90%, 30-லிருந்து 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. மீதி வீட்டுக்காரர் கையிலிருந்து வரணும். அவரிடம் அது இருக்கா என்று பூமி பூஜைக்கு முன்னாடியே கேட்கணும். கேட்கக் கூச்சப்பட்டால் ரூஃப் போடும் நேரத்தில் வேலை நின்றுபோகும்.

பள்ளத்தை மூட பதினொரு மாசம் ஆச்சு. மூன்று வீட்டுக்கும் கிரகப்பிரவேசம் நடந்தது. இப்போ ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கு மேல் எடுப்பதில்லை. பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் அதிகம் சம்பாதிக்கிறார், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயந்திரம் போன் வருவதில்லை.

நண்பர் கூப்பிட்டால் பணம் போடலாமா?

பார்ட்னர்ஷிப் என்று கையெழுத்துப் போடும் முன் ஒன்றைப் புரிஞ்சுக்கோங்க. சாதாரணப் பார்ட்னர்ஷிப் ஃபர்மில் நீங்க போட்டது அஞ்சு லட்சம்தான் என்றாலும், பொறுப்பு அஞ்சு லட்சத்தோடு நிற்காது. சைட் பக்கமே போகாத பார்ட்னராக இருந்தாலும், ஃபர்மின் கடனுக்கு உங்க சொந்தச் சொத்தும் பதில் சொல்லணும். எல்எல்பி-யில் பொறுப்புக்கு வரம்பு உண்டு. ஆனால் டர்னோவரில் 8%, பேங்க் வழியாக வந்த பணத்துக்கு 6% என்று லாபத்தைக் காட்டி வரி கட்டும் எளிய முறை, அதாவது நாம 44ஏடி என்று பழகிய பிரிவு, எல்எல்பி-க்குக் கிடையாது. இரண்டையும் எடை போட்டுத்தான் முடிவு எடுக்கணும்.

பர்சனல் லோன் வாங்கிப் போடாதீங்க. வேலையை விடுவதாக இருந்தால் ஒரு வருஷ வீட்டுச் செலவு தனியாக இருக்கணும். சாரத்திலிருந்து ஒருத்தர் விழுந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு கான்ட்ராக்டருக்கு வரும். அதனால் தொழிலாளர்களுக்கான இன்சூரன்ஸ் எடுக்காமல் முதல் கல்லையே வைக்காதீங்க.

நீங்க வீடு கட்டக் கொடுப்பவராக இருந்தால்

பில்டரிடம் நாலு கேள்வி கேளுங்க: இந்த ரேட்டில் ஜிஎஸ்டி உண்டா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் இதில் அடக்கமா? எக்ஸ்ட்ரா வேலைக்கு எழுத்தில் ரேட் தருவீங்களா? இப்போ எத்தனை சைட் ஓடுது, என் வீட்டுக்குத் தனி அக்கவுண்ட் வச்சிருப்பீங்களா?

கடைசிக் கேள்விக்கு அவர் முகம் மாறினால், ரேட் எவ்வளவு கம்மியாக இருந்தாலும் யோசிங்க.

அந்த வெள்ளைத் தாள் கணக்கை எப்படிப் போடுவது என்று அடுத்த வீடியோவில் எக்செல் ஷீட்டோடு காட்டறேன். அதுக்குள்ள, சொந்தத் தொழில் பண்ற நண்பர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "உன் அக்கவுண்ட்ல இருக்கற பணத்துல உன் பணம் எவ்வளவு?" உடனே பதில் வந்தால் சந்தோஷம். வரலைன்னா அவரோடு உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவு பண்ணுங்க.