குண்டுத் துப்பாக்கி விளையாட்டும் கண்கவசமும்

ஊர்த் திருவிழாக் கடைகளில் பலூன், ஊதல், வளையல் ஆகியவற்றோடு நெகிழித் துப்பாக்கிகளும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுடன் சிறு பொட்டலம் ஒன்றில் மஞ்சள் அல்லது வெள்ளை நிறக் குண்டுகளும் தரப்படும். ஒவ்வொரு குண்டின் குறுக்களவும் 6 மில்லிமீட்டர். ஏறத்தாழ ஒரு மிளகைவிடச் சற்றுப் பெரியது. நகரங்களில் இளைஞர்கள் அணி பிரிந்து ஆடும் ‘ஏர்சாஃப்ட்’ விளையாட்டிலும் பெரும்பாலும் இதே அளவுக் குண்டுதான் பயன்படுகிறது. துப்பாக்கியின் விசை மட்டுமே வேறு.

உடம்பில் பட்டால் சுள்ளென்று வலித்து மறைந்துவிடும் இக்குண்டு, கண்ணில் பட்டால் பார்வையையே பறித்துவிடக்கூடும். ஜவ்வாது மலையில் இதற்கு மற்றொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. புதூர்நாட்டிலோ நெல்லிவாசல் நாட்டிலோ ஒரு குழந்தையின் கண்ணில் அடிபட்டால், அறுவைச் சிகிச்சை வசதியுள்ள கண் மருத்துவரை அடைய மலைப்பாதையில் இறங்கித் திருப்பத்தூருக்கோ, வேலூருக்கோ, திருவண்ணாமலைக்கோ செல்ல வேண்டியிருக்கும். இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கண்ணுக்குக் கேடு. ஆகவே இங்குள்ள குடும்பங்களுக்கு வருமுன் காப்பதே முதல் மருந்து.

சிறிய குண்டு ஏன் பெரிய ஆபத்து?

நம் கண்ணைச் சுற்றி நெற்றி, கன்னம், மூக்கு ஆகிய எலும்புகள் அரணாக நிற்கின்றன. பெரிய பந்து ஒன்று முகத்தில் மோதினால் அதன் வேகத்தின் பெரும்பகுதியை இவ்வெலும்புகள் தாங்கிக்கொள்ளும். ஆனால் 6 மில்லிமீட்டர் குண்டு எந்த எலும்பிலும் படாமல் நேராக விழிக்கோளத்தைத் தாக்கும்.

ஏர்சாஃப்ட் துப்பாக்கியிலிருந்து 0.2 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பாயும்போது அதன் ஆற்றல் 1 ஜூல். நூறு கிராம் எடையுள்ள ஒரு பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடிக்கு இது சமம். அவ்வளவு அடியும் ஒரு மிளகளவு இடத்தில் விழுகிறது. திருவிழாக் கடைத் துப்பாக்கியின் விசை இதைவிடக் குறைவு. எனினும் அருகிலிருந்து சுட்டால் கண்ணைக் காயப்படுத்த அதுவும் போதும்.

இத்தகைய அடியால் கருவிழி சிராய்க்கலாம், கருவிழிக்குப் பின்னுள்ள அறையில் இரத்தம் கசிந்து தேங்கலாம், கண்வில்லை கலங்கிக் கண்புரை உண்டாகலாம், விழித்திரை கிழியலாம். உள்ளே கசிந்த இரத்தம் வற்றியபின் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மீண்டும் இரத்தம் கசியக்கூடும். பல ஆண்டுகள் கழித்துக் கண்ணழுத்த நோய் தலைகாட்டுவதும் உண்டு. இதனால்தான், அடிபட்ட கண்ணில் வலி நின்றபின்னும் மருத்துவர் குறிப்பிடும் நாள்களில் தவறாது வந்து காட்டும்படி வலியுறுத்துகிறோம்.

எவை கவசம் ஆகா?

பார்வைக் குறைக்காக அணியும் மூக்குக்கண்ணாடி கவசம் ஆகாது. கண்ணாடி வில்லையும் சாதாரண நெகிழி வில்லையும் குண்டடி பட்டால் உடைந்து, அவற்றின் சில்லுகளே கண்ணைக் கிழிக்கக்கூடும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடியும் அப்படியே. பக்கவாட்டிலும் அது திறந்தே இருக்கும். இரும்பு வலையாலான கண்கவசத்தைச் சிலர் புழுக்கமில்லை என்று விரும்புகின்றனர். ஆனால் குண்டு வலையில் மோதிச் சிதறினால் அதன் துகள்கள் துளைகள் வழியே உள்ளே புகும். துப்பாக்கியோடு இலவசமாகத் தரப்படும் மெல்லிய கண்ணாடியை ஒரு பொருட்டாகவே கருத வேண்டாம்.

நல்ல கண்கவசத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

முதலில் பார்க்க வேண்டியது, அது எதனால் ஆனது என்பதை. வில்லை ‘பாலிகார்பனேட்’ என்னும் நெகிழியால் ஆனதாக இருக்க வேண்டும். இது அடிபட்டால் வளைந்து தாங்குமே அன்றி எளிதில் சிதறாது.

இரண்டாவது, தரக்குறியீடு. தொழிற்கூடங்களுக்கான கண்கவசங்களுக்கு இந்தியத் தர அமைவனம் வகுத்துள்ள தரநிலை ஐ.எஸ். 5983. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிவந்த தரநிலை இ.என். 166. இந்த ஐரோப்பியத் தரநிலையில் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை வில்லையின்மீது செலுத்திச் சோதிக்கிறார்கள். நொடிக்கு 45 மீட்டர் வேகத்தைத் தாங்கினால் ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்தும், 120 மீட்டர் வேகத்தைத் தாங்கினால் ‘பி’ என்னும் எழுத்தும் பொறிக்கப்படும். எஃகுக் குண்டின் எடை 0.86 கிராம் என்பதால் ‘எஃப்’ தாங்குவது சுமார் 0.9 ஜூல், ‘பி’ தாங்குவது சுமார் 6 ஜூல். நாம் மேலே கண்ட ஏர்சாஃப்ட் குண்டின் ஆற்றல் 1 ஜூல். ஆகவே அந்த விளையாட்டுக்கு ‘பி’ குறியுள்ளதையே வாங்க வேண்டும். எழுத்து வில்லையில் ஒன்றும் சட்டத்தில் ஒன்றுமாக இருந்தால் இரண்டில் குறைந்ததையே கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பானால் ‘இசட் 87’ என்பதன் பக்கத்தில் கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். வேகமான மோதலைத் தாங்கியதற்கு அக்கூட்டல் குறியே அடையாளம்.

மூன்றாவது, முகத்தோடு பொருந்துதல். நெற்றி, கன்னம், பக்கவாட்டு ஆகிய எங்கும் இடைவெளி இருத்தல் கூடாது. அணிந்தபின் ஓரங்களில் சுண்டுவிரல் நுனியை நுழைத்துப் பாருங்கள்; விரல் நுழையும் இடத்தில் குண்டும் நுழையும். காதில் மாட்டும் வகையைவிடத் தலையைச் சுற்றி இழுத்துக் கட்டும் பட்டையுள்ளதே நல்லது. பெரியவர்களின் கவசம் குழந்தைக்குப் பொருந்தாது. குழந்தையை அழைத்துச் சென்று அணிவித்துப் பார்த்தே வாங்குங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதன்மேல் அணியத்தக்க அகலமான வகையைக் கேட்டு வாங்கலாம்.

நான்காவது, ஆவி படியாமை. நல்ல கவசம் வாங்கியவர்களும் வியர்வையால் வில்லை மங்கியதும் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுகின்றனர். மலையின் குளிர்ந்த காலையில் ஓடியாடும்போது இது இன்னும் விரைவாக நேரும். ஆகவே ஆவி படியாத பூச்சும், காற்று சுற்றி நுழையுமாறு மறைவாக அமைந்த துளைகளும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். துடைக்க வேண்டுமானால் ஆட்டக்களத்தை விட்டு முழுமையாக வெளியே வந்தபின்னரே கழற்ற வேண்டும். பாறையில் பட்ட குண்டு எத்திசையிலும் தெறிக்கும் என்பதால், ஆடுபவர்கள் மட்டுமன்றி அருகில் நின்று பார்ப்பவர்களும் கவசம் அணிதல் வேண்டும்.

வாங்கிய கவசத்தைத் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தின்னர், மண்ணெண்ணெய் போன்றவை வில்லையை வலுவிழக்கச் செய்யும். ஆழமான கீறலோ விரிசலோ தென்பட்டாலும், பலமான அடி ஒன்று விழுந்திருந்தாலும், அதை மாற்றிவிடுவதே அறிவுடைமை.

சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை, குண்டுத் துப்பாக்கியை வாங்காதிருப்பதே சிறந்தது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடனேயே விற்கப்பட வேண்டும் என்பது சட்டம். முத்திரை இல்லாத துப்பாக்கியைக் குழந்தை எவ்வளவு அழுதாலும் வாங்காதீர்கள். உண்டிவில்லுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வேலைக்கும் அதே கவசம்

ஒரு முறை வாங்கும் கண்கவசம் விளையாட்டோடு முடிந்துவிடுவதில்லை. கல் உடைக்கும்போதும், விறகு பிளக்கும்போதும், புளி உலுக்கும்போதும், சாமை அடித்துத் தூற்றும்போதும் அதுவே உங்கள் கண்ணைக் காக்கும். உமியோ முள்ளோ இலை விளிம்போ கருவிழியைக் கீறினால், அவ்வழியே பூஞ்சை நுழைந்து புண்ணாக்கும். மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டை வைத்துக் கணக்கிட்டபோது, பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 11 பேருக்கு ஓராண்டில் கருவிழிப்புண் வருவதாகத் தெரிந்தது. நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வொன்றில், கருவிழி சிராய்த்த 18 மணி நேரத்துக்குள் மருந்துக் களிம்பு தொடங்கியவர்களில் எவருக்கும் புண் உண்டாகவில்லை. விரைந்து வருவதன் பயன் இதுவே.

கண்ணில் அடிபட்டுவிட்டால்

- கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ வேண்டாம். குழந்தையின் கைகளை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள்.
- குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். விழி கிழிந்ததாகத் தோன்றினால் தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது.
- தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். பழைய சொட்டு மருந்தையும் தவிர்த்துவிடுங்கள்.
- சுத்தமான காகிதக் குவளை ஒன்றைக் கண்ணைத் தொடாதவாறு கவிழ்த்து, எலும்பின்மீது படியும்படி ஒட்டுங்கள்.
- வலிக்காக ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். இவை இரத்தக்கசிவை மிகுதியாக்கலாம்.
- அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை உணவு கொடுக்காதிருப்பது நல்லது.
- தலையை உயர்த்திய நிலையில் அமர்த்தி, 108 ஊர்தியை அழைத்தோ கிடைத்த வண்டியிலோ உடனே புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

திட்டுவார்கள் என்று அஞ்சிக் குழந்தைகள் அடிபட்டதை மறைப்பதுண்டு. கண் சிவந்திருந்தாலும், ஒரு கண்ணை மூடிப் பார்க்கையில் மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னாலும், அவர்களை அன்போடு விசாரியுங்கள். யார் சுட்டது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அப்பொழுது செய்ய வேண்டியது குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்து வருவது ஒன்றே.