கடல் தாண்டிக் கண்டம் சேர்ந்தவர்கள்

ஆப்பிரிக்காவில் தோன்றிய நம் மனித இனம் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடந்தே போய்ச் சேர முடிந்தது. ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் அப்படி நடந்து போக வழியே இருந்ததில்லை. ஆனாலும் மனிதர்கள் அங்கே போனார்கள். எப்படி?

பனியூழிக் காலத்தில் கடல்நீரின் ஒரு பகுதி பனிப்பாறையாக உறைந்து நிலத்தில் தங்கிவிட்டதால் கடல்மட்டம் தாழ்ந்தது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், குளிர் உச்சத்தில் இருந்தபோது, அது இன்றைவிட 120 மீட்டர் வரை கீழே இருந்தது. கடல் தாழ்ந்த காலங்களில் சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகியவை ஆசியாவோடு ஒட்டிக்கொண்டன. அந்த நிலப்பரப்பு சுண்டா. ஆஸ்திரேலியாவும் நியூ கினியும் டாஸ்மேனியாவும் சேர்ந்த நிலப்பரப்பு சாகுல். இரண்டுக்கும் நடுவில் சுலவேசி, திமோர் முதலிய தீவுகளைச் சுற்றி ஆழ்கடல். அது ஒருபோதும் வற்றவில்லை. புலியும் யானையும் ஆஸ்திரேலியாவை எட்டாததற்கு இந்தக் கடல்தான் காரணம்.

மனிதர்கள் தீவு தீவாகத் தாண்டியிருக்கிறார்கள். சுலவேசி வழியாக நியூ கினிக்கு ஒரு பாதை, திமோர் வழியாகத் தெற்கே இன்னொரு பாதை என ஆய்வாளர்கள் இரண்டைச் சொல்கிறார்கள். எதில் போனாலும் பல பத்து கிலோமீட்டர் திறந்த கடலைக் கடந்தாக வேண்டும். அவர்களுடைய மிதவைகள் கிடைக்கவில்லை. மரமும் மூங்கிலும் அவ்வளவு காலம் தாங்காது. போய்ச் சேர்ந்ததற்கோ சான்று உறுதியாக இருக்கிறது. வட ஆஸ்திரேலியாவின் மட்ஜெட்பெபே பாறைக்குகையில் கிடைத்த கருவிகள் 65,000 ஆண்டு பழமையானவை என 2017இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. சுமார் 50,000 ஆண்டுதான் என்போரும் உண்டு. தென்கிழக்கில் முங்கோ ஏரிப் பகுதியில் ஜிம் பௌலர் 1974இல் கண்டெடுத்த எலும்புக்கூடு ஏறத்தாழ 42,000 ஆண்டு பழமையானது. உடல்மீது செங்காவி தூவி அடக்கம் செய்திருந்தார்கள்.

புயலில் அடித்துச் செல்லப்பட்ட ஓரிருவரால் ஒரு சமூகம் தழைத்திருக்க முடியுமா? அங்கே மக்கள்தொகை அழியாமல் நிலைக்கக் குறைந்தது 1,300 பேராவது வந்து சேர்ந்திருக்க வேண்டும் என 2019இல் வெளியான கணினிக் கணிப்பு காட்டியது. அத்தனை பேர் பெண்கள், பிள்ளைகளோடு கடல் கடக்க மிதவை கட்டும் கைத்திறன் வேண்டும், குடிநீர் வேண்டும், காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும், கூடிப் பேசித் திட்டமிடும் மொழியும் வேண்டும். இவை எல்லாமே அவர்களிடம் இருந்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தவர் கேப்டன் குக் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அவர் அதன் கிழக்குக் கரையை அடைந்தது 1770இல். அந்தப் பெருமை ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் முன்னோருக்கே உரியது. நம் பிள்ளைகளுக்கு இனி அப்படியே சொல்லிக்கொடுப்போம்.